சிக்காத துப்பாக்கி

"எம்புள்ளைக்கு நீதான் நினோங்கா நிக்கணும்" என்று யார் வந்து கேட்டாலும் தேரியோவுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. ஞானஸ்நானத் தொட்டியருகே மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றே கபனதுவான் ஊரில் பாதிப் பேருக்கு அவர் ஞானத்தகப்பனாகிவிட்டார். மற்ற நினோங்குகளுக்கு கிறிஸ்துமஸ் காலையானால் திடீரென்று வெளியூரில் வேலை வந்துவிடும். கதவைத் தட்டினால் வீட்டுக்காரிதான் எட்டிப் பார்ப்பாள். தேரியோ மட்டும் பட்டறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வலது கையை நீட்டிக்கொண்டிருப்பார். வருகிற பிள்ளை ஒவ்வொன்றும் அந்தக் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்ளும். அவர் இடது கையில் இருக்கும் பண உறையை வாங்கிக்கொண்டு ஓடிவிடும்.

"ஆசீர்வாதம் வாங்க வரிசையில நிக்குதுங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி பாசிங் குரல் கொடுப்பாள். "நாளைக்கு வெறுங்கையோட உக்காந்து பாரும். காக்கா கூட எட்டிப் பாக்காது."

அந்த வலது கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தேரியோவின் தொழில் மூன்று சக்கர வண்டிக்குப் பக்கப்பெட்டி செய்வது. மோட்டார் சைக்கிளோடு சேர்த்துப் பூட்டுகிற, ஆள் உட்காரும் பெட்டி. முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குப் பளபளக்கும். இளவயதில் ஒரு நாள் முட்டுக்கொடுத்திருந்த பெட்டிச் சட்டம் சரிந்து மணிக்கட்டின் மேல் விழுந்தது. எலும்பு கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. அன்றிலிருந்து அவருடைய வலது கை பார்வைக்குக் கை. பிடிமானத்துக்குக் கணக்கில் சேராது. இரும்பைப் பற்ற வைப்பது, அடிப்பது எல்லாம் இடது கையால்தான். நெற்றியில் ஒற்றக் கொடுப்பதற்கு மட்டும் வலது கை. அதற்கு மணிக்கட்டில் பலம் வேண்டியதில்லை.

இத்தனை ஞானப்பிள்ளைகளில் ரூவெல் மட்டும் தனி. அவனுடைய தகப்பன் டென்சியோ தேரியோவோடு ஒரே தெருவில் புழுதியளைந்து வளர்ந்தவன், பிறகு பட்டாளத்துக்குப் போனவன். ரூவெல் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்த வருஷம் டென்சியோ தெற்கே ஒரு சண்டையில் செத்துப்போனான். சவப்பெட்டியோடு வந்த அதிகாரி நல்ல மனிதர். விதவைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, "நல்ல வீரன்மா. கடைசி நேரத்துல அவன் பிஸ்டல் வெடிக்காம சிக்கிக்கிச்சு. இல்லேன்னா பொழச்சு வந்திருப்பான்" என்று சொல்லிவிட்டார்.

டென்சியோவின் மனைவிக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ, பக்கத்தில் நின்ற தேரியோவுக்கு நெஞ்சில் விழுந்தது. நாளெல்லாம் இரும்போடு பழகுகிறவருக்கு, ஒரு துண்டு இரும்பு தன் நண்பனை இப்படிக் கைவிட்டது பொறுக்கவில்லை. எதிரி சுட்டான், அது அவன் வேலை. சொந்தத் துப்பாக்கி சுடவில்லையே! எந்தப் பாவி அதைக் கடைந்தானோ, எந்தப் பாவி அதைச் சரிபார்த்து முத்திரை குத்தினானோ என்று வருஷக்கணக்காக மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த ரூவெலும் பட்டாளத்தில் சேர்ந்தான். தேரியோ வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. இப்போது அவனுக்குச் சார்ஜண்டாகப் பதவி உயர்வு வந்திருந்தது. விடுமுறையில் வந்திருக்கிறான், வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து, வெட்டப் பன்றி கூட சொல்லி வைத்தாகிவிட்டது. பதவி உயர்ந்த பிள்ளைக்கு நினோங் ஏதாவது பெரிதாகச் செய்யாவிட்டால் ஊர் சிரிக்கும். தேரியோ ஊருக்காக யோசிக்கவில்லை. இருக்கிறதிலேயே உசத்தியான ஒரு பிஸ்டல் வாங்கிக் கொடுக்க வேண்டும், அது எந்தக் காலத்திலும் சிக்கக் கூடாது, டென்சியோவின் மகன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

"மின்விசிறி வாங்கிக் குடும்" என்றாள் பாசிங். "அவன் பொண்டாட்டி வெக்கையில செத்துக்கிட்டிருக்கா."

"மின்விசிறி உயிரைக் காப்பாத்துமா?"

"உம்ம துப்பாக்கியை விட நெறைய உயிரைக் காப்பாத்தியிருக்கும்."

தேரியோ எழுந்து பட்டறைக்குப் போனார். அங்கே பிஸ்டல் வாங்கப் போவதாக வாயைத் திறந்ததுதான் அவர் செய்த தப்பு. இந்த ஊரில் இரண்டு விஷயத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஒன்று சண்டைச் சேவல், இன்னொன்று துப்பாக்கி. வண்டி ஓட்டுகிற பையன்கள், வர்ணம் அடிக்கிறவன், பன்றிக்குச் சோளத்தவிடு வாங்கப் போகிற வழியில் நின்றவன், ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள்.

"நாப்பத்தஞ்சு காலிபர்தான் மச்சான் ஆம்பள துப்பாக்கி" என்றார் புலோ. புலோ ஓய்வு பெற்ற கார்ப்பரல். பட்டறைக்கு எதிரே வீடு, காலை காப்பி மட்டும் பட்டறையில். "முழு எஃகு. ஒரு தடவை பட்டா போதும், எருமை கூட உக்காந்துடும்."

"எருமையையா சுடப் போறான் அவன்?" என்றான் வர்ணம் அடிக்கிறவன். "நாப்பத்தஞ்சுல ஏழெட்டு குண்டுதான். இப்போ வர்ற ஒம்பது எம்.எம்ல அதுக்கு ரெண்டு மடங்கு. ஆஸ்திரியாக்காரன் செய்யுறான் பாருங்க, சேத்துல போட்டு மிதிச்சு எடுத்தாலும் சுடும்."

"அது பிளாஸ்டிக்டா. பிளாஸ்டிக் பிஸ்டலைக் கொழந்தைக்கு வாங்கிக் குடு."

"ஜெர்மன்காரன் செய்யுறதுதான் உசத்தி."

"செக் நாட்டுக்காரன் செய்யுறது."

"நம்ம ஊர்ல கடைஞ்சதை வெள்ளைக்காரனே வாங்கிட்டுப் போறான், உங்களுக்கு வேற ஊரு கேக்குதாக்கும்."

தேரியோ இடையில் புகுந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "இதுல எது சிக்காது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பெயரைச் சொன்னார்கள். தேரியோவுக்கு மண்டை காய்ந்தது. டென்சியோ வைத்திருந்தது நாற்பத்தைந்து. ஆகவே அது கூடாது என்பது மட்டும் அவருக்கு நிச்சயம். அந்த ஒரு நிச்சயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு புலோவோடு மணிலா பஸ்ஸில் ஏறினார்.

மணிலாவை ஒட்டிய கேஸோன் சிட்டியில் புலோவுக்குத் தெரிந்த ஒரு கடை இருந்தது. முன்னால் கண்ணாடிப் பெட்டிகள், பின்னால் சுட்டுப் பார்க்கிற நீண்ட கூடம். உள்ளே குளிரூட்டி போட்டு நகைக்கடை மாதிரி வைத்திருந்தார்கள். விற்கிற பெண்ணின் பெயர் ஐவி. சட்டைப் பையில் எழுதியிருந்தது. மோதிரம் காட்டுகிறவளைப் போல வெல்வெட் துணியை விரித்து, பிஸ்டல்களை வரிசையாக அதன் மேல் வைத்தாள்.

"யாருக்குங்க ஐயா?"

"என் ஞானப்புள்ளைக்கு. சார்ஜண்ட். சிக்காததா ஒண்ணு குடும்மா."

"எல்லாம் நல்ல பிஸ்டல்தான் ஐயா."

"நல்லது வேற, சிக்காதது வேற."

ஐவி சிரித்தாள். "மெஷின்னா என்னிக்காவது ஒரு நாள் சிக்கத்தான் செய்யும். இது ரொம்ப ரொம்ப அபூர்வமா சிக்கும்" என்று ஆஸ்திரியப் பிஸ்டலை அவர் பக்கம் தள்ளினாள். "ஆயிரக்கணக்குல சுட்டுப் பாத்துட்டுத்தான் வெளியே விடுவாங்க. பட்டாளம், போலீஸ், எல்லாரும் இதைத்தான் வச்சிருக்காங்க."

விலையைக் கேட்டதும் புலோ பின்னால் நின்று இருமினார். தேரியோ அசரவில்லை. கையில் எடுத்துப் பார்த்தார். தேங்காய் மூடி எடைகூட இல்லை. இத்தனை விலை கொடுத்து வாங்குகிற பொருள் இப்படிக் காற்றாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதது பொருட்டில்லை, சிக்காமல் இருந்தால் போதும்.

"சுட்டுப் பாக்கலாமா?"

"தாராளமா. எங்க ஆளு பக்கத்துல நிப்பாரு."

காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. கூடத்தில் பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். வாழ்நாளில் தேரியோ துப்பாக்கியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பிஸ்டல் என்றால் வலது கையில்தான் பிடிக்க வேண்டும் என்று அவர் மனசில் பதிந்திருந்தது. படத்திலெல்லாம் அப்படித்தான் பிடிக்கிறார்கள். இடது கையைக் கீழே ஒப்புக்கு வைத்துக்கொண்டு விசையை அழுத்தினார். வெடித்தது. மறுபடி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

பிஸ்டலின் மேல் பகுதி பாதி வழியில் நின்றிருந்தது. காலித் தோட்டா ஒன்று அதன் வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

தேரியோவுக்கு உடம்பு வியர்த்துவிட்டது. குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்த இடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "சிக்கிடுச்சு" என்றார் மெதுவாக.

பயிற்சியாளர் அதைச் சரிசெய்து கொடுத்தார். மறுபடி ஒன்று வெடித்தது, மறுபடி சிக்கியது. ஜெர்மன் பிஸ்டலைக் கொடுத்தார்கள். இரண்டு வெடித்து மூன்றாவது சிக்கியது. செக் நாட்டுப் பிஸ்டலும் ஏமாற்றியது. புலோவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நான் சொன்னேன்ல" என்று ஒரு நாற்பத்தைந்தை வாங்கி தேரியோ கையில் திணித்தார். கனத்த எஃகு. தேரியோ கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். வெடித்தது. குண்டுகள் அடுக்கிய மேகசின் காலியாகிற வரைக்கும் வெடித்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவை கூட சிக்கவில்லை.

தேரியோ அதைக் கீழே வைத்துவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். உலகமே சிக்காது என்கிற துப்பாக்கி தன் கையில் சிக்குகிறது. டென்சியோவைக் கைவிட்ட ஜாதித் துப்பாக்கி தன் கையில் சிக்கவில்லை. இத்தனை வருஷம் கையில் பிடித்திருந்த ஒரே நிச்சயமும் நழுவிவிட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

ஐவி கூடத்துக்குள் வந்தாள். அவர் மணிக்கட்டைப் பார்த்தாள், கேட்டாள், தேரியோ பெட்டிச்சட்டம் விழுந்த கதையைச் சொன்னார்.

"அப்போ துப்பாக்கி மேல தப்பில்ல ஐயா. சுட்டதும் மேல் பகுதி பின்னால போகும். காலித் தோட்டாவை வெளியே தள்ளிட்டு, அடுத்ததை உள்ளே இழுத்துட்டு வரும். அது போயிட்டு வர்றதுக்குப் பிடிக்கிற கை சுவரு மாதிரி நிக்கணும். கையும் கூடவே பின்னால போயிட்டா தோட்டா பாதியில மாட்டிக்கும். லேசான துப்பாக்கியில இது அதிகம். கனமானதுல கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்."

"அப்போ சிக்குறது துப்பாக்கி இல்லையா?"

"பாதி நேரம் கைதான் ஐயா."

"கனமான நாப்பத்தஞ்சும் கை தளர்ந்தா சிக்குமா?"

"ரொம்பத் தளர்ந்தா சிக்கலாம். அடிபட்டிருந்தா, பயந்திருந்தா. யாரு கண்டா?"

தேரியோ உட்கார்ந்துவிட்டார். இத்தனை காலம் தான் திட்டியதெல்லாம் யாரை? அவருக்குப் புரியவில்லை. டென்சியோவின் கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். நெல் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிற கை. அது எப்படித் தளரும்? தளர்ந்தது என்றால் அந்த நேரத்தில் என்ன நடந்தது? அதிகாரி அதைச் சொல்லவில்லை. சொல்ல அவருக்கும் தெரிந்திருக்காது.

"எதுவா இருந்தாலும் இன்னிக்கு எடுத்துட்டுப் போக முடியாது" என்றாள் ஐவி. "வச்சிருக்கப் போறவர் பேர்ல உரிமம் இருக்கணும். அவரை நேர்ல கூட்டிட்டு வாங்க. அவரு கைக்கு எது பொருந்துதுன்னும் பாத்துடலாம்."

பரிசை ரகசியமாக வைத்திருந்து விருந்தில் எல்லோர் முன்னாலும் கொடுக்கிற திட்டம் அத்தோடு போயிற்று. பஸ்ஸில் புலோ ஊர் வருகிற வரைக்கும் நாற்பத்தைந்தின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தார். தேரியோ ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு, மடியில் கிடந்த தன் வலது கையை இடது கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பாசிங்கிடம் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் மின்விசிறின்னு சொன்னேன்" என்றாள். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "கூட்டிட்டுப் போயிட்டு வாரும். மணிலாவுல ஒரு மோட்டார் பாகம் வாங்கணும், தொணைக்கு வான்னு கூப்பிடும். உம்ம பேச்சை அவன் தட்ட மாட்டான்" என்று வழியும் சொல்லிக் கொடுத்தாள். சொன்னவள் ஒரு நொடி நின்றாள். "அந்தப் பய இந்தத் தடவை சரியா சாப்பிடவே இல்லையாம். அவன் பொண்டாட்டி சொன்னா. கேட்டா, ஒண்ணுமில்லேங்குறானாம்."

தேரியோ அதையும் கேட்டுக்கொண்டார். துப்பாக்கிக் குழப்பத்தில் அது அவர் காதோடு நின்றுவிட்டது.

ரூவெல் அவர் பேச்சைத் தட்டவில்லை. மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்து நின்றான். உயரம், நிறம், காது மடல் எல்லாம் டென்சியோ. தேரியோவின் வலது கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். "போலாம் நினோங்" என்றான். வழியெல்லாம் தேரியோதான் பேசினார். அவன் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான்.

கடை வாசலுக்கு வந்ததும் ரூவெல் பெயர்ப் பலகையைப் பார்த்தான், தேரியோவைப் பார்த்தான். "மோட்டார் பாகம் இங்கயா விக்குறாங்க?"

"உள்ள வாடா."

ஐவி துணியை விரித்தாள், பிஸ்டல்களை அடுக்கினாள். தேரியோ தொப்பியைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். விருந்தில் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைக் கடையிலேயே சொல்லிவிட்டார்.

"உங்கப்பனுக்கு அமையல. உனக்கு அமையணும். இதுல எது உன் கையில சிக்காதோ அதை எடுத்துக்கோ. விலையைப் பாக்காத. நீ உயிரோட வீட்டுக்கு வரணும், அவ்வளவுதான் எனக்கு."

ரூவெல் ஆஸ்திரியப் பிஸ்டலை எடுத்தான். மேகசினைக் கழற்றி, மேல் பகுதியை இழுத்துத் திறந்து, உள்ளே காலியாக இருக்கிறதா என்று பார்த்தான். எல்லாம் ஒரே அசைவில் நடந்து முடிந்தது. அவன் கை கொஞ்சமும் ஆடவில்லை. சுவர் என்றாளே அந்தப் பெண், அதுதான் இது என்று தேரியோ பெருமையோடு பார்த்தார். ரூவெல் அதை மூடவில்லை. திறந்தபடியே துணி மேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"உரிமம் இருக்குங்களா சார்ஜண்ட்?" என்றாள் ஐவி.

"காலாவதி ஆயிடுச்சு."

"பரவாயில்ல. புதுப்பிச்சுடலாம். அந்த மனநலச் சோதனை மட்டும் மறுபடி எழுதணும். இங்கேயே பக்கத்துல எழுதலாம், மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுடும். படம் வரையச் சொல்வாங்க, கேள்வி கேப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

ரூவெல் தலையை ஆட்டினான். அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று தெரியவில்லை. "பசிக்குது நினோங்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

தேரியோ ஐவியைப் பார்த்தார். ஐவி அவரைப் பார்த்தாள். என்ன தப்பாகப் பேசிவிட்டோம் என்று இருவருக்கும் தெரியவில்லை. தேரியோ தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். அவருக்குக் கொஞ்சம் கோபம் கூட வந்தது. ஒரு நினோங் இப்படி வந்து நின்றால் வேறு பிள்ளையாக இருந்தால் கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

தெருமுனையில் ஒரு கஞ்சிக் கடை. ரூவெல் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கிண்ணம் இஞ்சிக் கஞ்சி வந்தது, மேலே வறுத்த பூண்டும் அவித்த முட்டையும். தேரியோ எலுமிச்சையைப் பிழிந்து அவன் கிண்ணத்திலும் விட்டார். பசிக்குது என்றவன் கரண்டியைத் தொடவில்லை.

"என்னடா, பிடிக்கலையா? வேற பிஸ்டல் பாக்கலாம். புலோ சொல்றான் நாப்பத்தஞ்சு..."

"அந்தச் சோதனைக்குப் போனேன் நினோங்."

"எப்போ?"

"போன மாசம். உரிமம் புதுப்பிக்க. ஒரு வெள்ளத்தாளைக் குடுத்து ஒரு மனுஷனை வரைங்கன்னாங்க. மொதல்ல எழுதினப்போ ஏதோ கிறுக்கிக் குடுத்துட்டு வந்துட்டேன். இந்தத் தடவை தலையைக் கூட வரைய முடியல. பென்சிலைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்புறம் எந்திரிச்சு வந்துட்டேன்."

தேரியோவுக்குப் புரியவில்லை. படம் வரைய வராததற்கா இந்தப் பாடு என்று நினைத்தார். "எனக்கும்தான் வரைய வராது" என்றார்.

ரூவெல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "போன மழைக்காலத்துல தெற்கே ஒரு ஊருக்குக் கலகக்காரங்களைத் தேடப் போனோம். விடியக்காலை, பனி மூட்டம். ஒரு வீட்டுக் கதவு திறந்துச்சு. திறந்தவன் கையில என்னமோ மின்னுச்சு. நான் சுட்டேன். டார்ச் லைட் நினோங். நாய் குலைக்குதேன்னு பாக்க வந்த மனுஷன்."

கஞ்சிக் கடைக்காரி அடுத்த மேசையில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் போகிற வரைக்கும் அவன் பேசவில்லை.

"மேலதிகாரிங்க விசாரிச்சாங்க. பனி, வெளிச்சம் இல்ல, என் மேல தப்பில்லேன்னுட்டாங்க. அந்த வீட்டுக்கு அரிசி கொண்டு போய்க் குடுத்தாங்க. நானும் போறேன்னேன், வேண்டாம்னுட்டாங்க. அவரு முகத்தை நான் பாக்கவே இல்ல. பாக்குறதுக்கு முன்னால சுட்டுட்டேன். மனுஷனை வரைன்னா அவரைத்தான் வரையணும்னு தோணுது. முகம் தெரியல, எப்படி வரைவேன்?"

தேரியோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"எம் பிஸ்டல் சிக்கல நினோங்" என்றான் ரூவெல். "பழசுதான், பட்டாளத்துல குடுத்தது. இருந்தும் சிக்கல. நீங்க அங்க நின்னு சிக்காததா எடு, சிக்காததா எடுன்னு சொன்னீங்களா, எனக்கு அங்கேயே விழுந்துடுவேன் போல இருந்துச்சு. ஒரே ஒரு நொடி சிக்கியிருந்தா போதும், அந்த லைட்டைப் பாத்திருப்பேன்."

சிக்கியதால் ஒருவன் செத்தான். சிக்காததால் இன்னொருவன் செத்தான். அந்த இன்னொருவனுக்கும் எங்கோ ஒரு பிள்ளை இருக்கும், அதற்கும் ஒரு நினோங் மாதிரி யாராவது இருப்பார், அவர் யாரைத் திட்டிக்கொண்டிருப்பார்? தான் எதைத் தேடி இரண்டு தடவை மணிலாவுக்கு வந்தோம் என்பதே தேரியோவுக்கு இப்போது விளங்கவில்லை.

"உன் பொண்டாட்டிகிட்ட சொன்னியா?"

"யாருகிட்டயும் சொல்லல. அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? ஞாயித்துக்கிழமை பன்னி வெட்டி விருந்து. எதுக்கு விருந்து நினோங்?"

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேரியோ தேடினார். சவப்பெட்டியோடு வந்த அந்த நல்ல மனிதரும் ஆறுதலாகத்தான் ஒரு வார்த்தை சொன்னார், அதை இத்தனை வருஷம் சுமந்தாயிற்று. ஆகவே ஆறுதலை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

"நேத்து நானும் அங்க சுட்டுப் பாத்தேன்டா. எங்கையில எல்லாமே சிக்கிக்கிச்சு. ஆஸ்திரியாக்காரன், ஜெர்மன்காரன், எவனும் தப்பல. துப்பாக்கி மேல தப்பில்ல, உங்க கைதான் தளர்ந்திருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. உங்கப்பன் கையும் அன்னிக்குத் தளர்ந்திருக்குமோ என்னமோ. இத்தனை நாளா நான் இரும்பைத் திட்டிக்கிட்டிருந்தேன். இப்போ யாரைத் திட்டுறதுன்னு தெரியல."

ரூவெல் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். "எல்லாமே சிக்குச்சா?"

"நாப்பத்தஞ்சைத் தவிர. அதுவும் நான் கண்ணை மூடிக்கிட்டு சுட்டதால அதுக்கு என்னை அடையாளம் தெரியல போல."

ரூவெலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. குலுங்கிக்கொண்டே இருந்தது. அது எப்போது அழுகையாக மாறியது என்று தேரியோவுக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அப்பா அவன் முகத்தைப் பாத்திருப்பாரு நினோங்" என்றான் அவன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எதிர்ல நின்னவன் முகத்தை. அதான் கை தளர்ந்திருக்கும். நான் அப்படித்தான் நெனச்சுக்கப் போறேன்."

"நெனச்சுக்கோ."

"நீங்க?"

தேரியோ கொஞ்சம் யோசித்தார். "நானும் நெனச்சுப் பாக்குறேன். நாளைக்கு டாக்டரைப் பாப்போம். துப்பாக்கிக்காக இல்ல. நான் வாசல்ல உக்காந்திருக்கேன், நீ உள்ள போய் இதையெல்லாம் சொல்லு. சாயங்காலம் நாம ரெண்டு பேருமாப் போய் உன் பொண்டாட்டிகிட்ட சொல்வோம். விருந்தைப் பாசிங் பாத்துப்பா, அவ என்ன சொல்லி நிறுத்துவாளோ அது அவ பாடு."

ரூவெல் தலையாட்டினான். இந்தத் தடவை அது ஆமாம்தான். பிறகு மேசை மேல் கிடந்த தேரியோவின் வலது கையை எடுத்தான். மணிக்கட்டில் எலும்பு கோணலாகக் கூடியிருந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

"நல்ல கை நினோங் இது" என்றான்.

சொல்லிவிட்டு அந்தக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கு வருகிற பிள்ளைகள் ஒற்றிய வேகத்தில் விட்டுவிடுவார்கள். இவன் விடவில்லை. மேசை மேல் குனிந்தபடியே வைத்துக்கொண்டிருந்தான். தேரியோவுக்குக் கை வலித்தது. கடைக்காரி வந்து, "கஞ்சி ஆறிடுச்சே, மாத்திக் கொண்டாரட்டுமா?" என்று கேட்டாள். தேரியோ இடது கையால் அப்புறம் என்று சைகை காட்டிவிட்டு, வலது கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.